மழைக்கு முன்பே வரைபடத்தைத் திறந்து வையுங்கள்
சென்னை மாமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாமன்ற உறுப்பினர்களே,

வடகிழக்குப் பருவமழை நெருங்கும் ஒவ்வோர் ஆண்டும் உங்களிடம் வந்து குவியும் கோரிக்கைகள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. மழைநீர் வடிகாலைத் தூர்வார வேண்டும், சுரங்கப்பாதையில் மோட்டார் பம்ப் வைக்க வேண்டும், கால்வாயில் ஆகாயத்தாமரையை அகற்ற வேண்டும். இவை எல்லாம் வேண்டியவையே. இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளும்படி சென்னையின் 200 வார்டுகளின் உறுப்பினர்களையும் கேட்டுக்கொள்ளவே இந்த மடல். எந்த அளவு மழைக்கு, ஏரிகளிலிருந்து எவ்வளவு நீர்த்திறப்புக்கு, எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் தண்ணீர் நிற்கும் என்பதை எவரும் கேட்டுப் பார்க்கக்கூடிய ஊடாடும் வெள்ள வரைபடத்தை, மழை தொடங்குவதற்கு முன்பே மக்கள் முன் திறந்து வையுங்கள். அதைச் சரிபார்த்துத் திருத்தும் உரிமையை வார்டுகளுக்குக் கொடுங்கள். இதற்குச் சான்றுகள் உண்டு. எதிர்வாதங்களும் உண்டு; அவற்றில் சில நியாயமானவை. இரண்டையும் உங்கள் முன் வைக்கிறேன்.

2015 டிசம்பர் 1ஆம் தேதியிலிருந்து தொடங்குவோம். அன்று காலை முதல் மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து காலையில் குறைவாக இருந்த உபரிநீர்த் திறப்பு, மாலைக்குள் விநாடிக்கு 29,000 கன அடியாக உயர்ந்தது. அன்றிரவு சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், கோட்டூர்புரம் என அடையாற்றின் இரு கரைகளிலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. விமான நிலையம் பல நாட்கள் மூடிக் கிடந்தது. ஆற்றை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவமனையில் ஜெனரேட்டர்களே தண்ணீரில் மூழ்கின. இந்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, இதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே குறித்தது. நீர்த்திறப்பு சரியா தவறா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அதற்குள் இங்கே நுழைய வேண்டியதில்லை. அந்த விவாதம் எப்படி முடிந்தாலும் ஓர் உண்மை மாறாது: திறப்பு பற்றிய அறிவிப்பு கன அடிக் கணக்கில் இருந்தது, ஜாபர்கான்பேட்டையில் தரைத்தளத்தில் குடியிருப்பவர் அந்த எண்ணைக் கேட்டு எதையும் முடிவெடுக்க முடியாது. வயதான தாயை மாடிக்கு ஏற்ற வேண்டுமா, குழந்தைகளோடு கிளம்பிவிட வேண்டுமா, எந்தச் சாலை வழியாக, எத்தனை மணிக்குள் என்பதே அவருக்குத் தெரிய வேண்டியது. கன அடிக்கும் அந்தக் கேள்விகளுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை நிரப்பக்கூடிய கருவி வரைபடம்தான்.

அச்சிட்ட வரைபடம் ஒன்று போதாதா என்று கேட்கலாம். சென்னையின் வெள்ளம் ஒரே வகையானதாக இருந்தால் போதும். ஆனால் அது அப்படி இல்லை. அடையாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அதில் வந்து சேர்வதற்கு முன்பே ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர் பகுதி ஏரிகளின் தண்ணீர் அதில் ஓடிக்கொண்டிருக்கும். ஏரி மதகுகள் மூடியிருக்கும்போதே அந்தப் பகுதிகள் மூழ்குவது உண்டு. கடலில் அலையேற்றம் இருந்தாலும், முகத்துவாரத்தை மணல்மேடு அடைத்திருந்தாலும் ஆறு வடிய மறுக்கும். கொசஸ்தலை, கூவம், கோவளம் படுகைகளுக்கு வேறு வேறு கணக்கு. நகரமோ ஏறக்குறைய தட்டையானது. அரை மீட்டர் உயர வேறுபாடுகூட ஒரு தெரு நனைவதற்கும் மூழ்குவதற்கும் உள்ள வேறுபாடாகிவிடும். இத்தனை காரணங்களையும் ஒரே தாளில் ஒரே கோடாக வரைந்தால், நடக்கக்கூடிய பல வெள்ளங்களில் ஒன்றை மட்டுமே காட்டியவர்கள் ஆவோம். ஊடாடும் வரைபடத்தில் மழை அளவையும் நீர்த்திறப்பையும் கடல்மட்டத்தையும் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். வடிகால், துணை மின் நிலையம், பள்ளி, நிவாரண முகாம், மருத்துவமனை ஆகியவற்றை அடுக்கடுக்காக மேலே வைத்துப் பார்க்கலாம். முகாமுக்குப் போகும் வழியே மூழ்கும் வழியாக இருந்தால், அது மழைக்கு முன்பே கண்ணில் படும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து எண்ணூர்க் கழிமுகம் வரை பரவியது. ஆலைகளையும் எண்ணெய்க் கிடங்குகளையும் வெள்ளப்பாதையின் மேல் வைத்துப் பார்க்கும் அடுக்கு இருந்தால், இத்தகைய ஆபத்து எந்தக் குடியிருப்புகளை நோக்கி வரக்கூடும் என்று முன்கூட்டியே கேட்டிருக்கலாம்.

இப்படிப்பட்ட கருவி நம்மிடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஒன்றிய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகத்தின் முன்முயற்சியில், பம்பாய் ஐ.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம் முதலிய நிறுவனங்கள் சேர்ந்து சி-ஃப்ளோஸ் என்ற வெள்ள முன்னறிவிப்பு அமைப்பை உருவாக்கின. மழை, ஆறு, கடல் மூன்றையும் இணைத்துக் கணக்கிடும் அந்த அமைப்பு 2019இல் வெளியிடப்பட்டது. மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு டி.என்.ஸ்மார்ட் என்ற எச்சரிக்கை அமைப்பு உண்டு. ரிப்பன் மாளிகையில் ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு மையம் உண்டு. குறை கருவியில் இல்லை. அது யாரை நோக்கித் திரும்பியிருக்கிறது என்பதில்தான். இந்த அமைப்புகள் அடிப்படையில் அதிகாரிகள் முடிவெடுக்க உதவுவதற்காக உருவானவை. ஆனால் வெள்ள இரவில் பெரும்பான்மையான முடிவுகள் கட்டுப்பாட்டு அறையில் எடுக்கப்படுவதில்லை. பள்ளித் தலைமையாசிரியர், அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், தரைத்தளத்தில் டயாலிசிஸ் நடத்தும் மருத்துவமனையின் மேலாளர், படகோடு வரும் மீனவர் ஆகியோர் எடுக்கிறார்கள். 2015இல் மக்களை மீட்டதில் மீனவர்களின் படகுகளுக்கும் தன்னார்வலர்களுக்கும் இருந்த பங்கு நீங்கள் அறிந்ததே. முடிவெடுப்பவர்கள் நகரம் முழுக்கச் சிதறிக் கிடக்கும்போது, அந்த முடிவுக்கு வேண்டிய அறிவு ஒரே அறையின் திரையில் இருப்பதால் பயன் குறைவு. கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்துக் கேட்கலாம் என்றால், எல்லோரும் அழைக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் இணைப்பு கிடைக்காமல் போகும்.

வரைபடத்தை வார்டுகளிடம் ஏன் ஒப்படைக்க வேண்டும் என்பதற்கு ஜகார்த்தா நல்ல சான்று. நம்மைப் போலவே கடலோரம், தாழ்நிலம், ஆறுகள், அளவற்ற கட்டடங்கள் கொண்ட நகரம் அது. 2011-12இல் அங்கே இந்தோனேசியப் பேரிடர் நிர்வாகமும் ஓபன் ஸ்ட்ரீட் மேப் தன்னார்வலர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். நகரின் 267 உள்ளூர் நிர்வாகப் பகுதிகளின் பொறுப்பாளர்களை அழைத்து, மாணவர்களோடு கணினி முன் உட்கார வைத்து, அவரவர் பகுதியின் பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டிடம், உட்பிரிவு எல்லைகள் ஆகியவற்றைக் குறிக்கச் செய்தார்கள். 6,000க்கு மேற்பட்ட முக்கியக் கட்டடங்கள் இப்படி வரைபடத்தில் ஏறின. பிற்பாடு மழைக்காலத்தில், தண்ணீர் நிற்கும் இடங்களைப் பொதுமக்கள் சமூக ஊடகம் வழியே தெரிவிக்க, அவை உடனுக்குடன் எல்லோர் பார்வைக்கும் திறந்த வரைபடத்தில் ஏறும் ஏற்பாடு நகரப் பேரிடர் முகமையின் துணையோடு வந்தது. அதுவே பின்னர் பெத்தா பென்சானா என்ற பெயரில் விரிந்தது. ஜகார்த்தாவில் வெள்ளம் நின்றுவிடவில்லை. வரைபடம் வெள்ளத்தை நிறுத்தாது. ஆனால் அங்கே அடித்தளத்தை அமைத்தவர்கள் உங்களைப் போன்ற உள்ளூர்ப் பொறுப்பாளர்கள் என்பதைக் கவனியுங்கள். செயற்கைக்கோளுக்குக் கூரை தெரியும். அந்தக் கூரைக்குக் கீழே இருப்பது கல்யாண மண்டபமா, கிடங்கா, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பது வார்டுக்கு மட்டுமே தெரியும்.

சென்னையிலும் அந்த அறிவு குறைவாக இல்லை; சேமிக்கப்படாமல்தான் வீணாகிறது. 2015 வெள்ளத்தின்போதே ஓபன் ஸ்ட்ரீட் மேப்பை அடிப்படையாகக் கொண்டு தன்னார்வலர்கள் ஒரு வரைபடத்தைத் திறந்தார்கள். தண்ணீர் தேங்கிய தெருவை எவரும் தொட்டுக் குறிக்கலாம். சில நாட்களில் ஆயிரக்கணக்கான தெருக்கள் அதில் குறிக்கப்பட்டன. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரிவாசிகள் தங்கள் கார்களை மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தியதை நாடே பார்த்துச் சிரித்தது. உண்மையில் அது சிரிப்புக்குரியது அல்ல. எந்த இடம் மூழ்கும், எந்த இடம் மூழ்காது என்ற வரைபடம் மக்களின் தலைக்குள் ஏற்கெனவே இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். அந்த அறிவைத் தெருத்தெருவாகக் கேட்டு, 2015இல் எதுவரை, 2021இல் எதுவரை, 2023இல் எதுவரை என்று சுவரில் படிந்த தண்ணீர்க் கறையை அளந்து பதிவு செய்தால், கணினி மாதிரியின் கணக்கைச் சரிபார்க்கும் அளவுகோல் கிடைக்கும். செயற்கைக்கோளிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் சில மீட்டர் வரை பிழை இருக்கலாம். சென்னை போன்ற தட்டை நகரத்துக்கு அது உதவாது. விமானத்திலிருந்து லேசரால் அளந்த தரவு பல மடங்கு நுட்பமானது. ஆனால் அதற்கும்கூட, அடைபட்ட சிறுபாலமும் நேற்று உயர்த்திப் போட்ட சாலையும் தெரியாது. அவை உங்கள் வார்டின் உதவிப் பொறியாளருக்கும், அந்தச் சாலையால் தன் வாசலுக்குள் தண்ணீர் வாங்கிக்கொண்டவருக்கும் தெரியும்.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, பெரும்பாலும் வெளியே சொல்லப்படாதது: வரைபடத்தைத் திறந்தால் மனை விலை விழும். விழக்கூடும். ஆனால் இப்போது அந்த விலையைத் தாங்கி நிற்பது எது என்று பாருங்கள். நீண்ட நாள் குடியிருப்பவருக்கு அந்தத் தெருவின் வெள்ளம் தெரியும். மனை வணிகருக்கும் கட்டுமான நிறுவனத்துக்கும் தெரியும். தெரியாதவர்கள், வெளியூரிலிருந்து வந்து முதல் முறையாக வங்கிக் கடனில் வீடு வாங்குகிறவரும், தரைத்தளத்தில் வாடகைக்கு வருகிறவரும்தான். தகவலை மூடிவைப்பது ஊரைக் காப்பதில்லை. தெரிந்தவரின் நட்டத்தைத் தெரியாதவரின் தலையில் மாற்றுகிறது. ஜப்பானில் 2020 ஆகஸ்ட் முதல், வீடு விற்றாலும் வாடகைக்கு விட்டாலும், அந்த இடம் உள்ளாட்சியின் வெள்ள அபாய வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே தரகர் விளக்கியாக வேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். விலை பற்றிய அச்சம் அங்கேயும் இருந்திருக்கும். உயிர் பற்றிய அச்சம் அதைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

இரண்டாவது, வரைபடம் தவறாகிப் போனால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி. இதுதான் எல்லாவற்றிலும் கனமான எதிர்வாதம். 2011 மார்ச் ஆழிப்பேரலையில் ஜப்பானின் ஒக்காவா தொடக்கப் பள்ளியில் 74 பிள்ளைகள் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அபாய வரைபடத்தில் அந்தப் பள்ளி ஆபத்துப் பகுதிக்கு வெளியே இருந்தது, புகலிடமாகவும் குறிக்கப்பட்டிருந்தது. கோட்டுக்கு வெளியே இருக்கிறோம் என்பது பாதுகாப்பாக இருக்கிறோம் என்று பொருள்பட்டுவிட்டது. அதே நாளில் கமாய்ஷி நகரின் உனோசுமாய் பகுதியில் இருந்த இரு பள்ளிகளும் வரைபடப்படி ஆபத்துப் பகுதிக்கு வெளியேதான் இருந்தன. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாகக் கற்பிக்கப்பட்டிருந்த முதல் பாடம், கணிப்பை அப்படியே நம்பிவிடாதே என்பது. அவர்கள் குறித்த இடத்தில் நிற்காமல் மேலும் மேலும் உயரத்துக்கு ஓடிப் பிழைத்தார்கள். இரண்டு நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், வரைபடமே வேண்டாம் என்ற முடிவுக்கு வர வழியில்லை. ஒற்றைக் கோடு போட்டு உள்ளே, வெளியே என்று பிரிக்கும் வரைபடம் ஆபத்தானது. கணக்கின் நிச்சயமின்மையையும் சேர்த்துக் காட்டும் வரைபடம் வேண்டும் என்பதே அவை தரும் பாடம். மழை இன்னும் 10 செ.மீ. கூடினால் என்ன ஆகும் என்று கேட்கவிடும் வரைபடம் அந்த ஐயத்தைப் பார்ப்பவர் மனத்தில் ஊன்றுகிறது. எந்தத் தேதியின் தரவு, எந்த இடத்தில் நம்பகம் குறைவு என்பதையும் அதிலேயே எழுதி வைத்தால், தவறு நேரும்போது அது மறைத்ததாக இராது.

மூன்றாவது, மக்கள் பீதியடைவார்கள் என்பது. அனுபவம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. பீதியைவிட அசட்டைதான் ஆட்களைக் கொல்கிறது. 2018 ஜூலையில் ஜப்பானின் குராஷிகி நகரத்து மாபி பகுதியில் ஆற்றின் கரைகள் உடைந்தன. தண்ணீர் பரவிய பரப்பு, நகராட்சி முன்பே வெளியிட்டிருந்த வரைபடத்தோடு ஏறக்குறைய அப்படியே பொருந்தியது. ஆனாலும் 51 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள், தங்கள் வீடுகளிலேயே இறந்தவர்கள். வரைபடம் வெளியே வந்திருந்தது, வாழ்க்கைக்குள் வரவில்லை. என் வாதத்துக்கு இது பாதகமான சான்றுபோலத் தோன்றலாம். உண்மையில் அது வாதத்தின் இரண்டாம் பாதியை உறுதி செய்கிறது. இணையதளத்தில் ஏற்றிவிட்டு ஒதுங்கினால் போதாது. தன் தெருவைத் தானே தேடிப் பார்த்தவருக்கும், தன் வீட்டு வாசலின் உயரத்தைத் தானே சொல்லித் திருத்தியவருக்கும் மட்டுமே அது தன் வரைபடம் ஆகிறது. அந்த வேலையைச் செய்ய மாநகராட்சிக்குத் தெருவளவில் இருக்கும் ஒரே மன்றம், 2022இல் தொடங்கப்பட்ட பகுதி சபை.

நான்காவது எதிர்வாதம் மாடியிலிருந்து வருவதில்லை, ஆற்றங்கரையிலிருந்து வருகிறது. வெள்ளப் பகுதி என்று குறித்துவிட்டால் அதையே காரணம் காட்டி எங்களை அப்புறப்படுத்திவிடுவார்களே என்ற அச்சம் அது. இந்த அச்சத்துக்கு வரலாறு உண்டு. 2015க்குப் பிறகு அடையாறு, கூவம் கரையோரங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகருக்கு வெளியே பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு மாற்றப்பட்டன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய அந்தப் பகுதியும் மழைக்காலத்தில் தண்ணீர் சூழும் பகுதிதான். வரைபடம் அதிகாரிகளிடம் மட்டும் இருக்கும்வரை அது ஒரு பக்கமாக மட்டுமே பேசும்: நீ இருக்கும் இடம் ஆபத்தானது என்று சொல்லும், உன்னை அனுப்பும் இடம் எப்படி என்று சொல்லாது. எல்லோருக்கும் திறந்த வரைபடத்தில் குடிசையும் தெரியும், சதுப்பு நிலத்தில் எழுந்த அடுக்குமாடியும் தெரியும், கால்வாயை நெருக்கி நிற்கும் பெரிய வளாகமும் தெரியும். ஆகவே ஏழைக்கு வேண்டியது வரைபடம் இல்லாமை அல்ல. எதிரில் இருப்பவரிடம் இருக்கும் அதே வரைபடம். அதோடு, இந்தத் தரவை அகற்றுதலுக்கான சான்றாகத் தனியே பயன்படுத்தக் கூடாது என்று மாமன்றம் தீர்மானத்திலேயே எழுதிவைக்க வேண்டும். படுத்த படுக்கையாக இருப்போர், ஆக்சிஜன் கருவியோடு வாழ்வோர் போன்றவர்களின் விவரம் பொது வரைபடத்தில் ஏறவே கூடாது. அது மீட்புக் குழுவுக்கு மட்டும் உரியது.

கைபேசி இல்லாதவர் என்ன செய்வார், மின்சாரமும் சிக்னலும் போன பிறகு யார் பார்ப்பது என்றும் கேட்பார்கள். இந்த வரைபடத்தின் முதன்மைப் பயன் மழை பெய்யும் இரவுக்கானது அல்ல. அதற்கு முந்தைய மூன்று மாதங்களுக்கானது. அதிலிருந்து ஒவ்வொரு தெருவுக்கும் உரிய பகுதியைத் தமிழில் அச்சிட்டு ரேஷன் கடை, அங்கன்வாடி, நகர்ப்புற நல மையச் சுவர்களில் ஒட்டலாம். வெள்ள மட்டத்தை மின்கம்பத்தில் வண்ணக்கோடாக வரையலாம். தெருவோர மின் பில்லர் பாக்ஸ் எந்த உயரத்தில் இருக்க வேண்டும், மருத்துவமனை ஜெனரேட்டரை எந்தத் தளத்துக்கு ஏற்ற வேண்டும், எந்தப் பள்ளியை முகாம் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்பதெல்லாம் வெயில் காலத்தில் எடுக்க வேண்டிய முடிவுகள். மழை நேரத்தில் வரும் பொதுமக்கள் தகவலில் பொய்யும் பழைய படமும் கலக்கும் என்பது உண்மைதான். சரிபார்க்காதது ஒரு நிறம், வார்டு அலுவலர் உறுதி செய்தது வேறு நிறம் என்று பிரித்துக் காட்டினால் அந்தச் சிக்கல் பெருமளவு தீரும். வதந்தி வாட்ஸ்அப்பில் எப்படியும் ஓடப்போகிறது. அதை ஒப்பிட்டுப் பார்க்க நம்பகமான ஓர் இடமாவது இருக்கட்டும்.

ஆகவே, மாமன்ற உறுப்பினர்களே, உங்களிடம் கேட்பது பெரிய செலவுத் திட்டம் அல்ல. நான்கு பகுதிகள் கொண்ட ஒரு தீர்மானம். ஒன்று, சென்னைக்காக ஏற்கெனவே உருவாகியிருக்கும் வெள்ளக் கணக்கீடுகளைத் தெரு அளவில், தமிழில், எவரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று மாநில அரசையும் உரிய ஒன்றிய நிறுவனங்களையும் மாமன்றம் கேட்க வேண்டும். இரண்டு, பருவமழைக்கு முந்தைய பகுதி சபைக் கூட்டத்தில் அந்தப் பகுதியின் வரைபடத்தைச் சுவரில் விரித்து, திருத்தங்களைப் பெற்றுப் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட வேண்டும். மூன்று, ஒவ்வொரு திருத்தத்துக்கும் பொறியாளர் ஏற்றாரா, மறுத்தாரா, ஏன் என்ற பதில் வரைபடத்திலேயே தெரிய வேண்டும். பதில் வராத இடத்தில் மக்கள் இரண்டாம் முறை வாய் திறக்க மாட்டார்கள். நான்கு, மழை ஓய்ந்தபின், கணித்தது எது, நடந்தது எது என்ற ஒப்பீட்டை மாமன்றத்தில் வைத்து விவாதிக்க வேண்டும். இதைச் செய்தால் அடுத்த வெள்ளத்தில் எந்த வார்டும் மூழ்காது என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் செம்பரம்பாக்கத்தில் மதகு திறக்கப்படும் செய்தி வரும்போது, அந்த எண் தன் தெருவுக்கு என்ன பொருள் தருகிறது என்பது அடையாற்றங்கரையில் இருப்பவருக்குத் தெரிந்திருக்கும். வரிப்பணத்தில் உருவான அறிவை அந்த வரியைக் கட்டியவரிடம் சேர்க்கும் அதிகாரம் உங்கள் மன்றத்துக்கு உண்டு. வரும் மழைக்கு முந்தைய கூட்டத்திலேயே அதைப் பயன்படுத்துங்கள்.

அன்புடன்,
சென்னைவாசி ஒருவர்